போய் வருகிறேன்

மாணவ நண்பர்களே,

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே புறப்படுகிறவர் "போகிறேன்" என்று சொல்லலாகாது. "போய் வருகிறேன்" என்றே சொல்ல வேண்டும். கடைத்தெருவுக்குப் போகிறவரும் அப்படித்தான். கடல் கடந்து போகிறவரும் அப்படித்தான். நான் சிறுவனாக இருந்தபோது பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் "போறேன் அப்பாயி" என்று கத்திவிட்டால், என் தந்தையின் தாயார் என்னைத் திரும்ப அழைப்பார். "போறேன்னு சொல்லாதேடா, போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்பார். அதைச் சொன்ன பின்னரே படியிறங்க விடுவார். இரங்கல் வீட்டிலிருந்து புறப்படும்போது மட்டும் நம்மவர் எதுவும் சொல்லாமல் எழுந்து வருவர். மற்ற எல்லா இடத்திலும் போவதோடு வருவதும் சேர்ந்தே நிற்கும்.

அந்த இரண்டாம் சொல்லாகிய "வருகிறேன்" என்பதைச் சொல்ல இயலாமல் இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் தம் உற்றாரிடம் விடைபெற நேர்ந்த ஒரு காலம் இருந்தது. அது மிகப் பழைய காலமன்று. நானே அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுவனாக நின்றேன். இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்து 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தமிழகத்துக்கு அனுப்பப்பட்ட மக்களின் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்ல எண்ணுகிறேன்.

கதையை முறையாகத் தொடங்க வேண்டுமானால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஆங்கிலேயர் கண்டி அரசைக் கைப்பற்றிய சில ஆண்டுகளில், 1820-களில், அந்த மலைகளில் காப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சை முதலிய பகுதிகளே அவர்களுடைய தாயகம். மழை பொய்த்த ஊர்களிலும் கடன் பெருகிய வீடுகளிலும் கங்காணியின் சொல் எளிதில் எடுபட்டது. முன்பணம் பெற்றுக்கொண்டு, கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை அவர்கள் கால்நடையாகவே கடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின.

ஆயினும் அந்த நாளில் ஊரைவிட்டுப் புறப்பட்டவர் "போய் வருகிறேன்" என்று சொன்னது பொய்யன்று. காப்பி, பருவத்துக்கு ஒருமுறை பறிக்கும் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில்தான் ஆள் மிகுதியாக வேண்டும். பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் கையில் கிடைத்ததைக் கொண்டு ஊர் திரும்பினர். பின்னர் மறு ஆண்டு மீண்டும் சென்றனர். போவதும் வருவதும் அவர்களுடைய வாழ்வின் இரு பாதிகளாக இருந்தன.

1869-ஆம் ஆண்டில் காப்பி இலையில் ஒரு துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1867-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர என்னுமிடத்தில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். காப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். வாரம் தவறாமல் கிள்ளியாக வேண்டும். கிள்ளும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஆகவே ஆடவர் மட்டும் வந்து போவது தேயிலைக்குப் போதவில்லை. குடும்பங்களே குடியேற வேண்டியதாயிற்று. வரிசையாகக் கட்டிய 'லயம்' என்னும் சிறு அறைகளில் அடுப்பு வந்தது, தொட்டில் வந்தது, லயத்துக்குப் பின்னே காய்கறிப் பாத்தியும் வந்தது. மாரியம்மன் கோயிலும் காமன் கூத்தும் மலையேறின. ஒரு செடியின் இயல்பு ஒரு மக்கட்கூட்டத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

என் பாட்டனாரும் பாட்டியாரும் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1920-களில் புறப்பட்டவர்கள். அதற்குள் பயணம் எளிதாகியிருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை இரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், மீண்டும் இரயிலுமாக வழி அமைந்துவிட்டது. ஆனால் தோட்டத்துக்குச் செல்வோர் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் இறங்கி, குளித்து, துணிகளைப் புகைக்குக் கொடுத்து, அம்மைப் பால் குத்திக்கொண்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே கப்பலேற முடியும். பாட்டியார் அந்த முகாமைப் பற்றி அடிக்கடி சொல்வார். தம் தாயாரிடம் "மூணு வருஷத்தில் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் சொல்வார். அந்த மூன்று ஆண்டு வரவேயில்லை. கடன் தீரவில்லை, பிள்ளைகள் பிறந்தன, தாயார் மறைந்த செய்தி கடிதத்தில் வந்தது. என்னைப் படியில் நிறுத்தி "வர்றேன்னு சொல்லு" என்று அவர் வற்புறுத்தியதன் காரணம், அவர் காலமான பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

இனி அரசியலுக்கு வருவோம். இலங்கை 1948 பிப்ரவரியில் விடுதலை பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடிமக்கள் அல்லாதாராக்கியது. பிறப்பினால் குடிமகனாக வேண்டுமானால் தந்தையோ முன்னோரோ இலங்கையில் பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தனர். பதினைந்து ஆண்டுகளில் அதனைப் பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மற்றவர் இலங்கைக்கும் உரியவரல்லர், இந்தியாவுக்கும் உரியவரல்லர். 'நாடற்றவர்' என்னும் சொல் அவர்களுக்காகவே தமிழில் பெருவழக்காயிற்று.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1964 அக்டோபர் 30-ஆம் நாள் புது தில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் தொகை 9,75,000 என்று கொள்ளப்பட்டது. இவர்களில் 5,25,000 பேரையும் அவர்களுக்குப் பின்னர்ப் பிறக்கும் குழந்தைகளையும் இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். இவ்வளவும் 15 ஆண்டுகளில் நிறைவேற வேண்டும். இந்தியா ஏழு பேரை ஏற்கும்போது இலங்கை நான்கு பேரை ஏற்பது என்ற விகிதமும் வகுக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர்.

மாணவர்களே, இந்த எண்களைச் சற்றே உற்று நோக்குங்கள். கணக்கு மிகவும் ஒழுங்காக இருக்கிறது. கூட்டினால் விடை சரியாக வரும். ஆனால் இதில் அண்ணன் தம்பி என்றோ, தாய் மகள் என்றோ ஒரு சொல்லும் இல்லை. எந்த மக்களைப் பற்றிய ஒப்பந்தமோ அந்த மக்களை யாரும் கலந்து பேசவில்லை. பின்னர் விண்ணப்பம் கோரியபோது மக்களின் மனம் வெளிப்பட்டது. 1970 ஏப்ரலில் கெடு முடிந்தபோது, இந்தியக் குடியுரிமை கேட்டவர் சுமார் நான்கு இலட்சம் பேர். இலங்கைக் குடியுரிமை கேட்டவரோ ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒப்பந்தம் எதிர்பார்த்ததற்கு இது நேர்மாறாக இருந்தது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அட்டனுக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்தில் 1962-இல் பிறந்தவன் நான். எனக்கு மூத்தவர் ஒரே அக்காள். என்னைவிடப் பதினான்கு ஆண்டு பெரியவர். தாயார் விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். எனக்குச் சோறூட்டியவரும், சிலேட்டில் எழுத்துக் கற்பித்தவரும் அக்காள்தான். 1967-இல் பக்கத்துத் தோட்டத்தில் அவருக்குத் திருமணம் ஆயிற்று. அக்காளின் கணவர் வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். என் தந்தையார் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். நாட்டுரிமை இல்லாத இடத்தில் மகன் படித்து என்ன பயன் என்பது அவருடைய எண்ணம். இரு வீட்டாரும் தத்தம் பிள்ளைகளின் நன்மையை எண்ணியே முடிவு செய்தனர். அவ்வளவு நன்மையையும் எண்ணிய பின்னர், தந்தை ஒரு நாட்டவரானார். மகள் மற்றொரு நாட்டவரானார்.

விண்ணப்பித்த பின்னரும் பல ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் 1973, 1974 ஆண்டுகளில் கொடிய உணவுப் பஞ்சம் வந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மரவள்ளிக் கிழங்கும் கீரையும் கொண்டு நாங்கள் நாள் கழித்தோம். 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. எந்தத் தோட்டம் நிலைக்கும், எந்த லயம் காலியாகும் என்று ஒருவரும் அறியார். தயங்கி நின்றவர்களும் அப்போது புறப்படத் தலைப்பட்டனர். எங்களுக்கு 1976-இல் கடவுச்சீட்டு வந்தது. குறித்த காலத்துக்குப் பின்னர்த் தங்கினால் அது சட்ட விரோதம்.

புறப்பாட்டுக்கு எங்களுக்கு இரண்டு மாத காலம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் விடைபெறுவதிலேயே கழிந்தது எனலாம். தந்தையார் தம் ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்காக அலைந்தார். ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய தொகையின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படலாகாது என ஒப்பந்தம் வகுத்திருந்தது. எங்களுக்கு அவ்வரம்பைப் பற்றிக் கவலைப்படும் நிலையே எழவில்லை. தாயார் அம்மிக்கல்லை அடுத்த வீட்டாருக்குக் கொடுத்தார். பசுவும் கன்றும் அக்காள் வீட்டுக்குப் போயின. ஞாயிறுதோறும் ஒரு தோட்டமாக உறவினரைக் கண்டு வந்தோம். எல்லா வீட்டிலும் சோறு போட்டனர். பஞ்சத்தின் வடு ஆறாத காலத்தில் அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று நான் இன்றும் வியப்பதுண்டு.

புறப்படுவதற்கு முந்திய நாள் தந்தையார் என்னை அழைத்துக்கொண்டு மலைச்சரிவில் பாட்டனாரும் பாட்டியாரும் புதைக்கப்பட்ட இடத்துக்குச் சென்றார். இரு மண்மேடுகள், சுற்றிலும் தேயிலை. சூடம் ஏற்றினார். கீழே விழுந்து வணங்கினார். எழுந்த பின்னும் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டார். "அவர்கள் ஊருக்குத்தானே அப்பா போகிறோம்?" என்று கேட்டேன். "ஆமாம், அவங்க ஊருக்கு" என்றார். 'நம் ஊருக்கு' என்று அவர் சொல்லவில்லை.

மலையகத்தில் இரயில் வண்டிக்குக் 'கோச்சி' என்று பெயர். இந்தியா செல்வோரை மலையிலிருந்து தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற வண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தனர். இது எந்த அரசாணையிலும் இல்லாத பெயர். எந்தக் கால அட்டவணையிலும் அச்சிடாத பெயர். ஆனால் அந்தக் காலத்து மலையகத்தார் யாரைக் கேட்டாலும் அறிவர். ஒரு வரலாற்று நிகழ்ச்சிக்கு மக்கள் தாமே வைத்த பெயர், நூறு ஆவணங்களுக்கு நிகரான சான்று என்பது என் கருத்து.

அட்டன் நிலையம் நான்காயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. நாங்கள் புறப்பட்ட நாளில் மழைத் தூறலும் பனிமூட்டமும் இருந்தன. எங்களோடு மூன்று தோட்டத்துக் குடும்பங்கள் சென்றன. வழியனுப்ப வந்தவர் அவர்களைப் போல் பல மடங்கினர். வண்டி வந்து நின்றதும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தனர். இறந்தவருக்கு வைக்கும் ஒப்பாரியை உயிரோடு இருப்பவருக்கு வைத்ததை அன்றுதான் கண்டேன். யார் போகிறவர், யார் நிற்கிறவர் என்று பிரித்தறிய முடியாத அழுகை அது. காவலுக்கு நின்ற சிங்களக் காவலர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றதும் நினைவிருக்கிறது.

அக்காள் இரு குழந்தைகளோடு வந்திருந்தார். எனக்கு ஒரு பையைக் கொடுத்தார். அதில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளும் இருந்தன. "தம்பி, படிப்பை விட்டுடாதே" என்றார். வண்டி அசைந்ததும் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு நடந்தார். "போயிட்டு வாங்கப்பா, போயிட்டு வாங்கம்மா" என்று பல முறை சொன்னார். வாழ்நாளெல்லாம் "போய் வருகிறேன்" என்று தவறாமல் சொல்லிப் பழகிய என் தந்தையார் அன்று அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "நல்லா இரும்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "வரக்கூடாதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுத்தானே அனுப்பினாங்க. பெத்த பொண்ணுகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒப்பந்தத்தின் பொருளை அவரைவிடச் சுருக்கமாக எடுத்துரைத்த வரலாற்று நூலை நான் கண்டதில்லை.

வண்டி கண்டி மலைகளைவிட்டு இறங்கிப் பொல்காவலை, அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார் மணலைச் சேர்ந்தது. மலையில் பிறந்த நான் அன்றுதான் கடலைக் கண்டேன். தலைமன்னார்த் துறையில் பெட்டிகளைச் சோதித்தனர். 'இராமானுஜம்' என்னும் கப்பலில் ஏறி இராமேசுவரம் வந்தோம். முன்னாளில் கப்பல் வந்தடைந்த தனுஷ்கோடியை, 1964 டிசம்பரில், ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறைவதற்குள், புயல் அழித்துவிட்டிருந்தது. இராமேசுவரத்திலிருந்து எங்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுசென்றனர். ஆம், பாட்டியார் அடிக்கடி சொன்ன அதே மண்டபம் முகாம்தான். போகிறவரைச் சோதித்து அனுப்பிய இடம், இப்போது வருகிறவரைப் பதிவு செய்யும் இடமாகியிருந்தது.

அரசு எங்களுக்குச் சூட்டிய பெயர் 'தாயகம் திரும்பியோர்' என்பது. ஊரார் இட்ட பெயர் 'சிலோன்காரர்' என்பது. தந்தையார் துணியில் முடிந்த மண்ணோடு புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரைத் தேடிப் போனார். பாட்டனாரின் பெயரை நினைவு வைத்திருந்தவர் ஒரே ஒரு முதியவர். வீடும் இல்லை, நிலமும் இல்லை. அந்த ஊர்க் கண்மாய்க் கரையில் மண்ணைத் தூவிவிட்டுத் திரும்பினார். வந்தவர்களில் சிலருக்குச் சிறு வியாபாரக் கடன் கிடைத்தது. சிலருக்கு நூற்பாலைகளில் வேலை கிடைத்தது. 1968 முதல் நீலகிரியில் இவர்களுக்கென்றே அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்து வந்தது. எங்கள் குடும்பம் கோத்தகிரிப் பக்கம் சேர்ந்தது. மலையைவிட்டு வந்தவர்கள் மீண்டும் மலைக்கே போனோம். தேயிலையைவிட்டு வந்தவர்கள் தேயிலைக்கே போனோம். தாயார் முதல் நாள் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து, "இலை அதேதான்" என்றார்.

அக்காளும் நாங்களும் கடிதத்தில் வாழ்ந்தோம். நீல நிறத்து வான் அஞ்சல் தாள் மாதம் ஒன்று வரும். நான் படித்துக் காட்டுவேன். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்மீது பெருங்கொடுமை நிகழ்ந்தபோது பல வாரம் கடிதம் வரவில்லை. தந்தையார் வேலை முடிந்ததும் நாள்தோறும் அஞ்சலகத்துக்குச் சென்று வாயிலில் நின்றுவிட்டு வருவார். இறுதியில் தாள் வந்தது. அதில் இரண்டே வரி, அனைவரும் உயிரோடிருப்பதாக. 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றது. அதோடு இந்த இடப்பெயர்வும் நின்றது. அதற்குள் வந்து சேர்ந்தவர் சுமார் நான்கரை இலட்சம் பேர். இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் கப்பலேற முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவரும் பல்லாயிரவர். அவர்கள் உட்பட, நாடற்றவராக எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெற 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் சட்டம் வழிசெய்தது. முதற் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள்.

தந்தையார் 1990-இல் காலமானார். செய்தி அக்காளுக்குப் பதினேழாம் நாள்தான் கிடைத்தது. தந்தை மகளை மீண்டும் காணவில்லை. மகள் தந்தைக்கு வாய்க்கரிசி இடவில்லை. இதுவே அந்த ஒப்பந்தத்தின் உண்மையான கணக்கு என்று நான் கருதுகிறேன். பேராசிரியர்கள் இதனை வெற்றி என்றும் தோல்வி என்றும் வாதிடுவர். எனக்கு அவ்வளவு படிப்பில்லை. இங்கே வந்ததால் நான் படித்தேன். ஆசிரியப் பயிற்சி பெற்றேன். தலைமையாசிரியனாகி ஓய்வு பெற்றேன். நாடற்ற சிறுவனாக அங்கேயே இருந்திருந்தால் இவை கிடைத்திருக்குமோ என்று சொல்ல இயலாது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதை மறக்கலாகாது என்றே சொல்கிறேன்.

பள்ளியில் பணியாற்றிய நாட்களில் சேர்க்கைப் பதிவேட்டை எழுதும்போது பெற்றோரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்பது வழக்கம். எங்கள் மக்கள் சற்றே திகைப்பர். சிலர் மாத்தளை என்பர். சிலர் துறையூர் என்பர். சிலர் இரண்டையும் சொல்லிவிட்டு "நீங்களே ஏதாவது எழுதிக்குங்க சார்" என்பர். ஒரு கட்டத்துக்குள் இரண்டு ஊர்ப் பெயர்களை எழுதி வைத்தமைக்காக மேலதிகாரி ஒருவர் என்னைக் கடிந்துகொண்டதும் உண்டு. நான் அதைத் திருத்தவில்லை.

2010-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்பு சென்றேன். முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அக்காளைக் கண்டேன். தாயாரின் முகமே எனக்கு எதிரில் நின்றது. பாட்டனார் பாட்டியார் மண்மேடுகளைத் தேடினோம். அங்கே புதுத் தேயிலை நட்டிருந்தனர். பத்து நாள் தங்கினேன். திரும்பும்போது அக்காள் வேண்டாமென்றாலும் கேளாமல் அட்டன் நிலையம் வரை வந்தார். வண்டி புறப்படும் நேரத்தில் பழைய நினைவினால் என் நாவும் எழவில்லை. "என்ன தம்பி, சொல்லிட்டுப் போ" என்றார். "போய் வருகிறேன் அக்கா" என்றேன். அதன் பின்னர் மும்முறை சென்று வந்துவிட்டேன்.

மலையக மக்கள் தம் வரலாற்றின் இருநூறாம் ஆண்டை 2023-இல் நினைவுகூர்ந்தனர். அவ்வாண்டு முன்னோர் நடந்த அதே வழியில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கால்நடையாகச் சென்றனர். இளைஞர்களும் அதில் நடந்தனர் என்று கேட்டு மகிழ்ந்தேன். வரலாற்றைக் கண்ணால் மட்டுமன்றிக் காலாலும் படிக்கலாம்.

மாணவ நண்பர்களே, உங்கள் பாட நூலில் 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒரு வரியாகவோ ஒரு பத்தியாகவோ வரலாம். ஆண்டையும் எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தேர்வுக்கு அவை வேண்டும். ஆனால் அதனோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் தெருவிலோ வகுப்பிலோ பர்மாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ வந்த குடும்பம் ஒன்று இருக்கும். அக்குடும்பத்து முதியவரிடம் சென்று அமருங்கள். எந்த ஆண்டு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, புறப்பட்ட நாளில் யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். அரசுகளின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தங்கள் பாதுகாப்பாக இருக்கும். இந்தச் சொற்களுக்கு நீங்களே காப்பகம்.

நாளை நீங்கள் மேற்படிப்புக்கோ வேலைக்கோ நெடுந்தொலைவு செல்ல நேரலாம். வாயிலில் நின்று "போய் வருகிறேன்" என்பீர்கள். அதைச் சொல்ல உரிமையில்லாமல் படியிறங்கியவர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பதை அப்போது ஒரு கணம் எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு, சொன்ன சொல்லை மறவாமல் திரும்பி வாருங்கள்.